பௌர்ணமிக்கு ஒரு பயணம்



2022ஆம் ஆண்டு மார்கழி மாதம். என் மகன் பாடசாலையிலிருந்து வந்து கொப்பிகளை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். மேலே இருந்த தமிழ்க் கொப்பியைப் புரட்டினேன். ‘நான் சென்ற சுற்றுலா’ என்றொரு கட்டுரை. ஆசிரியை சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தார். ஆவலோடு வாசித்தேன்.

அப்பா, அம்மா, அக்கா, நான் எல்லோரும் சிகிரியாவுக்குப் போனோம் என்று எழுதியிருந்தான். கூட்டம் அதிகமாக இருந்ததால் அப்பா என்னைத் தோளில் தூக்கிக் குன்றைக் காட்டினார் என்றும் எழுதியிருந்தான்.

என் மகன் சிகிரியாவைப் பார்த்ததில்லை. அப்பாவையும் பார்த்ததில்லை. அவன் பிறப்பதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே அவர் போய்விட்டார்.

கொப்பியை இருந்தபடியே வைத்துவிட்டேன். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

என்னைப் பற்றிச் சில வார்த்தைகள்

எங்கள் வீடு அலுவிகாரையில், கண்டி – யாழ்ப்பாண வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. மாத்தளை நகரிலிருந்து 3 கிலோமீற்றர் தூரம். வீதியின் இரு பக்கமும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். இந்த ஊரில் பெண்களுக்குப் பற்றிக், கைத்தையல் வேலைகளைப் பழக்கி, வீட்டுக்குள் இருந்தவர்கள் கையில் ஒரு தொழிலைக் கொடுத்தவர் எனா டி சில்வா அம்மையார். 2015இல் காலமானார். நானும் தையல் மெஷின் ஒன்றை நம்பித்தான் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன்.

என் தாய் தந்தை மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளைகள். 1977 வன்செயலில் உடுத்த துணியோடு வன்னிக்குப் போனார்கள். நான் பிறந்தது கிளிநொச்சியில். திருமணமும் அங்கேதான். 2009 மார்ச் மாதம் புதுமாத்தளனில் விழுந்த எறிகணையில் என் கணவரை இழந்தேன். அப்போது மகளுக்கு இரண்டு வயது. மகன் வயிற்றில். பிறகு செட்டிகுளம் முகாம். அதன் பிறகு தறப்பாள் கொட்டில். 2012இல் என் பெரியம்மா, “இங்க வந்துரு தாயி, கஞ்சியோ கூழோ சேந்து குடிப்போம்” என்று சொல்லி அனுப்பினார். வந்துவிட்டேன்.

மாத்தளன், மாத்தளை. முடிவில்தான் வித்தியாசம். ஆரம்பத்தில் படிவம் நிரப்பும்போதெல்லாம் முகவரியில் கை தடுமாறி மாத்தளன் என்றே எழுதிவிடுவேன்.

வந்தேனே தவிர, வன்னியின் பயத்தையும் என்னோடு கொண்டு வந்துவிட்டேன். “பாதையை விட்டு இறங்காதே. தரையில் கிடக்கும் எதையும் எடுக்காதே. பற்றைக்குள் போகாதே” என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று வயதில் வன்னியை விட்டு வந்த என் மகன், கிரிக்கெட் பந்து பற்றைக்குள் போனால் எடுக்கப் போக மாட்டான். பாதையிலேயே நிற்பான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மாத்தளையில் மிதிவெடி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் கால்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கால்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் நடக்கப் பழகினார்கள்.

அந்தக் கட்டுரையை வாசித்த இரவு ஒரு முடிவு எடுத்தேன். பௌர்ணமிதோறும் நம் நாட்டில் போயா விடுமுறை. பாடசாலையும் இல்லை, தையல் கொடுப்பவர்களும் வர மாட்டார்கள். மதுக்கடைகள் மூடியிருப்பதால் பெண்பிள்ளையோடு பஸ்ஸில் போகப் பயமும் குறைவு. 2023ஆம் ஆண்டில் 13 பௌர்ணமிகள். ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளை எங்காவது கூட்டிப் போவது என்று நினைத்தேன். பழைய பால்மா டின் ஒன்றை எடுத்து, மாதம் இரண்டு சட்டை தைத்த கூலியை அதில் போட்டேன்.

பெரியம்மா ஏசினார். “ஆம்பளத் தொண இல்லாம, வயசுப் புள்ளையையும் கூட்டிக்கிட்டு ஊரு சுத்தப் போறியா? சனம் என்னா சொல்லும்?” என்றார். மகள் அந்த வருடம் 11ஆம் ஆண்டு. பரீட்சைப் பிள்ளையைக் கெடுக்கிறேன் என்று ஒழுங்கையிலும் பேசினார்கள். “மாசத்துல ஒரு நாள்தானே பெரியம்மா” என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்திலிருந்த குகை

தை மாதப் போயாவுக்கு எங்கும் தூரம் போகவில்லை. எங்கள் ஊரின் பெயரையே தாங்கி நிற்கும் அலுவிகாரைக் குகைக் கோயிலுக்கு நடந்தே போனோம். பதினொரு வருடமாக அந்த வாசலைக் கடந்து போகிறேன். ஒரு நாளும் படியேறியதில்லை.

பெரிய பெரிய பாறைகள். அவற்றின் அடியில் குகைகள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், வலகம்பா மன்னன் காலத்தில், நாட்டில் போரும் கொடும் பஞ்சமும் இருந்ததாம். புத்தரின் போதனைகளை அதுவரை பிக்குமார் மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள். மனப்பாடம் செய்தவர்கள் செத்துப்போனால் போதனையும் அவர்களோடு போய்விடுமே என்று பயந்து, இந்தக் குகைகளில் கூடியிருந்து ஓலையில் எழுதி வைத்தார்கள். 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது இங்கிருந்த ஏடுகள் ஆங்கிலேயரால் அழிக்கப்பட்டன. பிறகு மீண்டும் எழுதினார்கள்.

அங்கே ஒருவர் எழுத்தாணியால் ஓலையில் கீறிக் காட்டினார். கீறும்போது ஒன்றுமே தெரியவில்லை. கரியும் எண்ணெயும் கலந்ததை மேலே தேய்த்துத் துடைத்ததும் எழுத்துக்கள் கறுப்பாக எழுந்து வந்தன. மகள் திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இறங்கி வரும்போது கேட்டாள்: “அம்மா, அப்பாவப் பத்தி நீங்க எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா?”

இல்லை என்று தலையாட்டினேன். எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. சொன்னால் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

தேரும் கல்லும்

மாசியில் மகனுக்குக் காய்ச்சல். அந்தப் போயா வீட்டிலேயே போனது. மார்ச்சில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேர். ஐந்து தேர்கள் நகர வீதியில் வரும். 108 அடி இராஜகோபுரத்தோடு இன்று நிமிர்ந்து நிற்கும் இந்தக் கோயில் 1983 வன்செயலில் தீயைக் கண்ட கோயில்.

எனக்குக் கூட்டம் என்றால் பயம். 2009இல் சனத்தோடு சனமாக ஓடும்போது மகளின் கை ஒரு தடவை விடுபட்டது. சில நிமிடங்கள்தான். ஆனால் அது இன்னும் என் கையில் இருக்கிறது. தேரன்று என் சேலைத் தலைப்பை மகளின் கையில் சுற்றிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. சிறிது நேரத்தில் அவளே அதை அவிழ்த்து, என் கையைப் பிடித்துத் தேர் வடத்தில் வைத்தாள். மூவரும் வடம் பிடித்தோம்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய போயாவுக்கு நாலந்த கெடிகேக்குப் போனோம். தம்புள்ளை வீதியில் 20 கிலோமீற்றருக்குச் சற்று மேல். முழுவதும் கல்லால் கட்டிய கோயில். நம் கோயில் மாதிரியும் இருக்கும், விகாரை மாதிரியும் இருக்கும். மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கம் வந்தபோது அது தண்ணீரில் மூழ்க இருந்தது. கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் கொண்டுபோய், இருந்த மாதிரியே அடுக்கினார்கள். “இதுவும் நம்மள மாதிரி இடம்பெயர்ந்த கோயில்” என்றான் மகன். எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

அன்று ஒரு சங்கடமும் நடந்தது. வழியில் மகளுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. கையில் ஒன்றுமில்லை. பாதியிலேயே திரும்பினோம். அன்றிலிருந்து என் பையில் முதலில் வைப்பது அதற்கான துணியும் மாற்றுடுப்பும்தான். பயணம் போகும் தாய்மாரே, வெட்கப்பட்டு இதை மறந்துவிடாதீர்கள்.

வெசாக்குக்கும் பொசனுக்கும் மாத்தளை நகரிலேயே கூடு பார்த்தோம், தன்சலில் வரிசையில் நின்று சாப்பிட்டோம். ஆடிப் போயாவுக்கு டின்னில் காசு இல்லை. மெஷின் பழுதாகி அதற்குப் போய்விட்டது. வீட்டு முற்றத்தில் பாய் விரித்து நிலவைப் பார்த்தோம்.

பெரியம்மா நடந்த வீதி

ஓகஸ்ட் 12 போயா அல்ல, சனிக்கிழமை. ஆனால் அந்த ஆண்டில் மறக்கமுடியாத நாள்.

மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. மன்னார், மதவாச்சி, தம்புள்ளை வழியாகச் சுமார் 250 கிலோமீற்றர் நடந்து, ஓகஸ்ட் 12 மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. அன்று கோப்பித் தோட்டத்துக்கு அழைத்து வரப்பட்ட கூலித் தொழிலாளர்கள் கால்நடையாக வந்த வழி இது. காய்ச்சலிலும் பசியிலும் வழியோரம் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். காணி, வீடு, நியாயமான சம்பளம், சமமான பிரசைகள் என்ற மதிப்பு ஆகியவற்றைக் கேட்டு அவர்களின் பிள்ளைகள் நடந்து வந்தார்கள்.

எங்கள் ஒழுங்கை முனையைத் தாண்டித்தான் அவர்கள் போகவேண்டும். பார்க்கலாம் என்று பிள்ளைகளோடு போய் நின்றேன். திரும்பிப் பார்த்தால் பெரியம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் வருகிறார். 74 வயது. முழங்கால் வலி. “எங்க பாட்டியோட பாட்டி இந்த ரோட்டுலதாண்டி நடந்து வந்தாங்க. நான் வீட்டுல ஒக்காந்து இருப்பனா?” என்றார்.

நடந்தோம். அலுவிகாரையிலிருந்து மாத்தளை வரை 3 கிலோமீற்றர். பெரியம்மா இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். ஆனால் ஓட்டோவில் ஏற மறுத்துவிட்டார். மகன் அவருக்குக் குடை பிடித்தான். அன்று எனக்கு ஒன்று விளங்கியது. இந்த ஒரே வீதியில்தான் எங்கள் முன்னோர் நடந்து வந்தார்கள். என் பெற்றோர் ஓடிப் போனார்கள். நான் திரும்பி வந்தேன். நாங்கள் நாலு பேரும் விரும்பி நடந்தது அன்றுதான்.

அதன் பிறகு பெரியம்மா ஏசவில்லை. போயாவுக்கு முதல்நாள் இரவே ரொட்டிக்கு மா குழைத்து வைத்துவிடுவார்.

புல்வெளி

செப்டெம்பர் 29 போயாவுக்கு நக்கிள்ஸ் மலைக்குப் புறப்பட்டோம். 2010இல் உலக மரபுரிமை இடமாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டுக் காடுகளில் இதுவும் ஒன்று. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக பஸ் வளைந்து வளைந்து ஏறும். ரிவஸ்டனில் காற்று ஆளைத் தள்ளும். அதைத் தாண்டினால் பிட்டவல பத்தனை. பாறையின் மேல் மெல்லிய மண்ணும், மண்ணின் மேல் குட்டைப் புல்லுமாக ஒரு வெளி. அதன் ஊடாக ஒற்றையடிப் பாதை, தூரத்தில் பள்ளத்தாக்குத் தெரியும் விளிம்பு வரை போகிறது.

பிள்ளைகள் தார் வீதியிலிருந்து புல்லில் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. கால் கல்லாகிவிட்டது. அவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். என்னையறியாமல் கத்திவிட்டேன்: “போகாதே! நில்லு! அந்த இடத்துலயே நில்லு!”

சுற்றுலா வந்திருந்த சனம் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது. வெட்கத்தில் வீதியோரமே உட்கார்ந்துவிட்டேன். மகன் திரும்பி வந்தான். வந்து என் முன்னால் நின்று, மெதுவாகச் சொன்னான்: “அம்மா, இங்க ஒண்ணும் இல்லம்மா. நான் முதல்ல போய்ப் பாத்துட்டேன். என் காலடியிலயே வாங்க.”

பந்தெடுக்கப் பற்றைக்குள் இறங்காத பிள்ளை, எனக்காக முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். அவன் கால் வைத்த இடத்தில் கால் வைத்து நடந்தேன். பத்து அடி போனபின் அவன் காலடியைப் பார்ப்பதை மறந்துவிட்டேன். புல் ஈரமாக, குளிராக இருந்தது. வெறுங்காலோடு புல்லை மிதித்து எத்தனை வருடம்!

விளிம்பில் உட்கார்ந்து ரொட்டியும் கட்டுச்சம்பலும் சாப்பிட்டோம். கணுக்காலில் அட்டை கடித்திருந்ததைப் பஸ் ஏறும்போதுதான் கண்டோம்.

சொல்லாததைச் சொன்ன இரவு

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மலைப்பக்கம் மண்சரிவுப் பயம். வெளியே போகவில்லை. ஒரு மழை இரவில் மின்சாரமும் இல்லை. மகள் மறுபடி கேட்டாள். அன்று சொன்னேன். அவர் எப்படிச் சிரிப்பார், சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு இரணைமடுக் குளக்கட்டில் போனது, மகளுக்குப் பெயர் வைத்தது, கடைசி நாள் தண்ணீர் எடுக்கப் போனது எல்லாம் சொன்னேன். மூவரும் அழுதோம். பிள்ளைகள் உடைந்துபோகவில்லை. மகள் மறுநாள் ஒரு கொப்பி வாங்கி வந்து, நான் சொன்னதையெல்லாம் எழுதத் தொடங்கினாள்.

மார்கழி விடுமுறையில், 26ஆம் திகதிப் போயாவையும் சேர்த்து, டின்னில் இருந்த காசெல்லாம் எடுத்துக்கொண்டு வடக்கே போனோம். கிளிநொச்சியில் அவருடைய அக்கா வீட்டில் தங்கினோம். மறுநாள் மாமி பிள்ளைகளை அணைத்தபடி எங்களோடு புதுமாத்தளனுக்கு வந்தார்.

வழியில் ஓரிடத்தில் மகன் வாகனத்தை விட்டு இறங்கிப் பற்றைப் பக்கம் போனான். சற்றுத் தள்ளி மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை தெரிந்தது. “நில்” என்றேன். கத்தவில்லை. நின்றான். “இது பயப்பட வேண்டிய இடம். பலகையைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. பிட்டவலயில பயப்படத் தேவையில்ல, இங்க பயப்படணும்” என்றேன். தலையாட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி வந்தான். 2009க்குப் பிறகு இத்தனை வருடமாகியும் வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலை முடியவில்லை. பயம் எல்லாம் பொய்யல்ல. எந்த இடத்தில் தேவை, எந்த இடத்தில் தேவையில்லை என்று பிரித்துப் பார்க்கத்தான் எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

மணலில் கற்பூரம் ஏற்றினோம். காற்றில் அணைந்து அணைந்து, நாலாவது தடவை நின்று எரிந்தது. மகன் கேட்டான்: “அப்பா உயரமா இருப்பாராம்மா?”

“ஒன்னயத் தோள்ல தூக்கி வச்சி சிகிரியாவக் காட்டுற அளவுக்கு உயரம்” என்றேன்.

சட்டென்று என் முகத்தைப் பார்த்தான். கொப்பியை நான் வாசித்தது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒன்றும் பேசவில்லை. வந்து என் தோளில் சாய்ந்துகொண்டான்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

13 பௌர்ணமியில் பாதியைக்கூட நான் நினைத்தபடி பயணத்தில் கழிக்கவில்லை. அதனால் குறைவில்லை. மகள் 2024இல் சாதாரண தரப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தாள். பரீட்சையைப் பயணம் கெடுக்கவில்லை.

உங்களுக்கும் ஆசை இருந்தால், தூரத்தை யோசிக்காதீர்கள். நடந்து போகக்கூடிய இடத்தில் தொடங்குங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அயலில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இறங்கும்போதே திரும்பும் பஸ்ஸின் நேரத்தை நடத்துநரிடம் கேளுங்கள். ஆழம் தெரியாத ஆற்றிலும் நீர்வீழ்ச்சியிலும் பிள்ளைகளை இறக்காதீர்கள். மலைக்குப் போனால் அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ எடுத்துச் செல்லுங்கள். வடக்கு கிழக்கில் இருப்பவர்கள் சிவப்புப் பலகையை ஒருபோதும் தாண்டாதீர்கள்.

பயம் உங்களை இரவும் பகலும் வாட்டினால் தனியாகச் சுமக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். நானும் பேசியிருக்கிறேன்.

‘புருஷன் இல்லாதவளுக்கு ஊர் சுற்ற என்ன கேடு’ என்று ஒரு குரல் கேட்கத்தான் செய்யும். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். நம் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பியில் உண்மையாக எழுத ஒரு பயணமாவது இருக்கட்டும்.

அடுத்த பௌர்ணமிக்கு எங்கள் டின்னில் சிகிரியாவுக்குக் காசு சேர்கிறது. பெரியம்மாவும் வருகிறாராம். மேலே ஏற மாட்டாராம், கீழே நின்று பார்ப்பாராம்.